அல்ட்ராமரைன், ரோஸ், மஞ்சள்: இயற்கையை வரைய மூன்று ட்யூப் போதுமா?

24 நிறம், 36 நிறம், 48 நிறம் என்று பெட்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, மூன்றே மூன்று நீர்வண்ண ட்யூபை வைத்துக்கொண்டு இலையையும் மலையையும் மேகத்தையும் வரைவது வீம்பு போலத் தோன்றலாம். ஆனால் இயற்கையில் கண்ணில் படும் நிறங்களில் பெரும்பங்கு பளிச்சென்ற நிறங்கள் அல்ல. மரப்பட்டை, காய்ந்த புல், ஈரப்பாறை, தொலைதூர மலை, இலையின் அடிப்பக்கம் எல்லாமே கொஞ்சம் அடங்கிய, பெயர் சொல்ல முடியாத நிறங்கள். அவற்றைத் தருவதில் மூன்று ட்யூப் கூட்டு பெரிய பெட்டியைவிடக் கைகொடுக்கிறது. எந்த மூன்று என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே மதிப்பிடப்படும் கூட்டு இது: பிரெஞ்சு அல்ட்ராமரைன், குவினாக்ரிடோன் ரோஸ், பென்சிமிடசோலோன் மஞ்சள். ஒவ்வொரு நிறமிக்கும் தரப்பட்ட குறியீடான நிறமி எண்களில் சொன்னால் பி.பி. 29, பி.வி. 19, பி.ஒய். 154 (ட்யூபில் PB29, PV19, PY154 என்று இருக்கும்). மூன்றும் ஒற்றை நிறமி ட்யூப்கள். கலைஞர் தரத்தில் பல நிறுவனங்கள் இவற்றை வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. வின்சர் அண்ட் நியூட்டன் பி.வி. 19-ஐ ‘பர்மனென்ட் ரோஸ்’ என்கிறது, டேனியல் ஸ்மித் ‘குவினாக்ரிடோன் ரோஸ்’ என்கிறது. ‘வின்சர் யெல்லோ’ என்ற ட்யூபில் இருப்பது பி.ஒய். 154. அதனால் முன்பக்கப் பெயரை நம்பாமல் ட்யூபைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இலை, மேகம், மரப்பட்டை, பாறை, நிழல்: முதல் தரம். பூவிதழ்: நன்றாக வரும், கவனம் வேண்டும். கன்னங்கரிய அடர்த்தி: சுமார். பசுநீலக் கடல், மீன்கொத்தியின் முதுகு, மயில் கழுத்து: இந்தக் கூட்டால் முடியாது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பச்சைதான் பரீட்சை

மூவண்ணக் கூட்டு எதுவானாலும் அதன் தகுதி பச்சையில் தெரிந்துவிடும். அல்ட்ராமரைன் கொஞ்சம் சிவப்பை நோக்கிச் சாய்ந்த நீலம். மஞ்சளோடு சேரும்போது அந்தச் சிவப்புச் சாயல் பச்சையின் பளபளப்பை உள்ளிருந்தே குறைத்துவிடுகிறது. நிறச் சக்கரத்தைப் பார்த்து வாங்குபவர்கள் இதைக் குறை என்பார்கள். இலை வரைபவர்களுக்கு இதுவே வரம். ட்யூபிலிருந்து நேராகப் பிதுக்கிய மரகதப் பச்சையைத் தாளில் வைத்தால் பிளாஸ்டிக் செடி போல நிற்கும். அதை அடக்க எப்படியும் சிவப்பு சேர்த்தாக வேண்டும். அல்ட்ராமரைன் கலவையில் அந்த வேலை பாதி முடிந்தே வருகிறது.

அளவுகளைச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் விழுதும் ஒவ்வொரு வீரியம் கொண்டது என்பதால் இவை தொடக்கப்புள்ளிகள் மட்டுமே. மஞ்சள் 4 பங்கு, நீலம் 1 பங்கு: இளந்தளிர். மஞ்சள் 3, நீலம் 2: முற்றிய இலை. இரண்டும் சரிபாதி: மர நிழலுக்குள் இருக்கும் இலைக்கொத்து. இவற்றில் எதிலும் பத்தில் ஒரு பங்கு ரோஸ் சேர்த்தால் ஆலிவ் பக்கம் திரும்பும். இன்னும் ஒரு மடங்கு சேர்த்தால் வாடிய இலை. அதற்கு மேல் போனால் பழுப்பு. மாந்தளிரின் செம்பு நிறம் வேண்டுமென்றால் வரிசையைத் திருப்ப வேண்டும்: மஞ்சளும் ரோஸும் சேர்த்து முதலில் ஆரஞ்சு செய்துகொண்டு, தூரிகை நுனியில் தொட்ட அளவு நீலம்.

பச்சையில் நடக்கும் மிகப் பெரிய தவறு சேர்க்கும் வரிசையில் இருக்கிறது. நீலக் குளத்தில் மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே போனால் மஞ்சள் ட்யூப் பாதி காலியாகும்வரை பச்சை வராது. மஞ்சளைக் கரைத்து வைத்துக்கொண்டு அதில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். எந்தக் கலவையிலும் மெலிந்த நிறத்தில் வலுத்த நிறத்தைச் சேர்ப்பதே முறை. இந்தக் கூட்டில் மெலிந்தது மஞ்சள், மிக வலுத்தது ரோஸ்.

இன்னொன்று: ஒரு மரத்துக்குத் தேவையான பச்சை முழுவதையும் தட்டில் ஒரே குளமாகக் கலக்கி வைத்தால் மரம் தட்டையாகிவிடும். மஞ்சளையும் நீலத்தையும் அரைகுறையாகக் கலந்து, குளத்தின் ஒரு ஓரம் மஞ்சளாகவும் மறு ஓரம் நீலமாகவும் இருக்கும்படி விட்டு, தூரிகையை வெவ்வேறு இடத்தில் தொட்டு எடுத்தால் ஒவ்வொரு தொடுகையும் வேறு பச்சை. பெட்டியில் எட்டுப் பச்சை வைத்திருப்பவருக்கு இந்த மாறுபாடு இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அவருடைய எட்டும் எட்டு உறவில்லாத பச்சைகளாக நிற்கும்.

21 கட்டங்கள்

மூன்று ட்யூபும் கைக்கு வந்தவுடன் படம் வரையத் தொடங்காமல் ஒரு முக்கோண அட்டவணை போட்டுவிடுவது நல்லது. ஒரு மாலை வேலை. பலன் ட்யூப் தீரும்வரை இருக்கும். ஒவ்வொரு நிறத்திலும் பட்டாணி அளவு விழுதை 5 மில்லி தண்ணீரில் தனித்தனிக் கிண்ணத்தில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளவும். ஒரு சொட்டுக்குழாய் எடுத்து, ஒவ்வொரு கலவைக்கும் மொத்தம் 5 சொட்டு என்று வைத்துக்கொள்ளவும். நிறம் மாற்றும்போதெல்லாம் குழாயைக் கழுவ வேண்டும். மூன்று நிறங்களை 5 சொட்டாகப் பங்கிட 21 வழிகள்தான் உண்டு. மூன்று மூலைகளில் தனி நிறங்கள், மூன்று பக்கங்களிலும் நான்கு நான்காக இரு நிறக் கலவைகள் 12, உள்ளே மூன்று நிறமும் சேர்ந்தவை 6. ஒவ்வொரு நிறத்திலும் செலவாவது 35 சொட்டு, அதாவது 2 மில்லிக்கும் குறைவு.

அந்த உள்ளே இருக்கும் ஆறு கட்டங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மஞ்சள் 3, நீலம் 1, ரோஸ் 1: காய்ந்த புல், மணல், வைக்கோல். மஞ்சள் 2, ரோஸ் 2, நீலம் 1: செங்கல், செம்மண், சருகு. மஞ்சள் 2, நீலம் 2, ரோஸ் 1: பாசி படிந்த பட்டை. நீலம் 3, மற்றவை ஒவ்வொன்று: மழைமேகம், தொலைமலை. நீலம் 2, ரோஸ் 2, மஞ்சள் 1: அந்தி நிழல். ரோஸ் 3, மற்றவை ஒவ்வொன்று: பழுத்து விழப்போகும் இலையின் நரம்புச் சிவப்பு. இயற்கைக் காட்சியின் முக்கால்வாசி இந்த ஆறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஓரத்தில் இருக்கும் பளிச்சென்ற நிறங்கள் ஒரு பூவுக்கும் ஒரு பறவையின் அலகுக்கும் மட்டும் தேவைப்படும்.

அட்டவணை நன்றாகக் காய்ந்த பிறகே மதிப்பிட வேண்டும். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த அடர்த்தி காய்ந்தபின் போதாமல் போவது இதனால்தான். கலவை ஈரமாக இருக்கும்போது தேவைக்கு ஒரு படி அதிகமாகத் தெரிய வேண்டும்.

நீலம்: மணிமணியாகப் படியும் நிறமி

பி.பி. 29 தாளின் குழிகளில் மணிமணியாகப் படியும். அல்ட்ராமரைனோடு ரோஸ் சேர்த்து ஈரத்தாளில் பூசினால், காயும்போது நீலத் துகள்கள் குழிகளில் இறங்க, ரோஸ் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சீராகப் பரவும். ஒரே பூச்சில் இரண்டு நிறம் பிரிந்து தெரியும். மேகத்துக்கும் பாறைக்கும் பட்டைக்கும் இது கையால் செய்ய முடியாத நுணுக்கம். இதே குணம் வெள்ளைப் பூவிதழின் மெல்லிய நிழலில் வந்தால் அழுக்கு மாதிரி தெரியும். இதழுக்கு மழமழப்பான தாள் எடுத்தால் துகள் தங்கக் குழி குறைவு. அல்லது பூச்சை மிக நீர்த்ததாக வைத்து, காயும்வரை பலகையைச் சாய்த்தே வைத்திருந்து, கீழே தேங்கும் துளியை ஈரம் பிழிந்த தூரிகையால் உறிஞ்சிவிட வேண்டும்.

இன்னொரு நல்ல குணம், காய்ந்த பிறகும் ஒற்றி எடுக்க வருவது. சுத்தமான ஈரத் தூரிகையால் தடவி டிஷ்யூவால் ஒற்றினால் மேகத்தின் ஒளிவிளிம்பை மீட்டுவிடலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. அல்ட்ராமரைன் பூச்சின் மேல் இன்னொரு பூச்சு போடும்போது கீழே இருப்பது கரைந்து கிளம்பும். ஆகையால் அடுக்கடுக்காகப் போடும்போது வரிசை முக்கியம்: முதலில் மஞ்சள், அது முழுக்கக் காய்ந்தபின் ரோஸ், கடைசியில் நீலம். பி.ஒய். 154 முழுக் கண்ணாடித்தன்மை (அடியில் இருப்பது தெரியும்படி ஒளி புகும் தன்மை) கொண்டதல்ல என்பதும் அதை அடியில் வைக்க இன்னொரு காரணம். அடர்நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசினால் மெல்லிய பால்படலம் போல மங்கும்.

அமிலத்துக்கு இந்த நிறமி ஆகாது. அமிலமற்ற தாளில் வரைந்தால் ஒளியில் மங்காமல் நிற்கும். ‘பிரெஞ்சு’ என்ற அடைமொழிக்கும் பின்னணி உண்டு. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் சுரங்கங்களிலிருந்து வந்த நீலக் கல்லான லாபிஸ் லாசுலியை அரைத்துத்தான் ஒருகாலத்தில் இந்த நீலம் செய்தார்கள், தங்கத்துக்கு ஈடாக மதிக்கப்பட்டது. அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 1824-ல் அறிவித்தது. 1828-ல் பிரெஞ்சு வேதியியலாளர் கிமே அதைப் பெற்றார். இன்று ட்யூபில் வருவது அந்தச் செயற்கை நீலம்தான்.

ரோஸ்: இங்கேதான் ஏமாறுவது

மலிவான மூவண்ணத் தொகுப்புகளில் பெரும்பாலும் கோட்டைவிடுவது சிவப்பில். அலிசரின் கிரிம்சன் என்ற பி.ஆர். 83 அழகான அடர்சிவப்பு. மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு மங்கிவிடும். மேடர் செடியின் வேரிலிருந்து எடுக்கும் ரோஸ் மேடர் அசலும் அப்படியே. ‘ஓபரா’ என்று விற்கும் பளீர் இளஞ்சிவப்பில் ஒளிரும் சாயம் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் போகும். மூவண்ணக் கூட்டில் சிவப்பு மங்கினால் பூ மட்டும் வெளுப்பதோடு நிற்காது. ஒவ்வொரு சாம்பலிலும் பழுப்பிலும் சிவப்பு இருப்பதால், படம் முழுவதும் பச்சை தட்டிப்போகும். 24 நிறப் பெட்டியில் ஒரு நிறம் மங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. அதனால் இந்த ட்யூபில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

குவினாக்ரிடோன் நிறமிகளை டூபான்ட் நிறுவனம் 1958-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பூக்களை வரைந்தவர்களுக்கு ஒளிபுகும் தன்மையும் நிலைக்கும் தன்மையும் சேர்ந்த குளிர்ந்த சிவப்பு எளிதில் கிடைத்ததில்லை. கோபால்ட் நீலம், ஆரியோலின் மஞ்சள், ரோஸ் மேடர் என்ற பழைய புகழ்பெற்ற கூட்டு பார்க்க மிக மென்மையானது. ஆனால் அதில் நீலம் மட்டும்தான் நிலைக்கும். ஆரியோலின், அதாவது பி.ஒய். 40, நாளடைவில் பழுப்பேறும். ரோஸ் மேடர் வெளுக்கும். பழைய பெயர்களின் மீதுள்ள மயக்கத்தில் அந்தக் கூட்டை வாங்குவதை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை.

வாங்கும்போது இன்னொரு சிக்கல்: பி.வி. 19 என்ற ஒரே எண்ணில் இரண்டு நிறங்கள் வரும். அதன் படிக அமைப்பு மாறினால் நிறம் மாறும். காமா வடிவம் ரோஸ், பீட்டா வடிவம் ஊதாச் சிவப்பு. எண்ணைப் பார்த்து மட்டும் எடுத்தால் ஊதா ட்யூப் வந்துவிடலாம். அதில் மஞ்சள் சேர்த்தால் ஆரஞ்சு மந்தமாகவே வரும். எண்ணையும் பார்க்க வேண்டும், மூடியின் அல்லது பட்டையின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

ரோஸ் தாளைப் பிடித்துக்கொள்ளும் நிறம். காய்ந்தபின் ஒற்றி எடுத்து வெள்ளைக்குத் திரும்ப முடியாது. இதழின் ஒளிபடும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி விட வேண்டும். ரோஸோடு மஞ்சள் சேர்த்தால் செம்பருத்திச் சிவப்பு வரும்: ரோஸ் 3, மஞ்சள் 2, இரண்டும் தேன் பதத்தில். கேட்மியம் சிவப்பின் முழு உறுதி இதில் இராது, ஆனால் ஒளிபுகும் தன்மையால் இதழுக்குள் வெளிச்சம் இருப்பது போலத் தெரியும். கேட்மியத்தால் அது முடியாது.

மஞ்சளில் மாற்று உண்டு

பி.ஒய். 154 சுத்தமான, நடுநிலை மஞ்சள். ஒளியில் நன்றாக நிலைக்கும், பூ வரைய ஏற்றது. பூவைவிட இலையும் காடும்தான் அதிகம் வரைவீர்கள் என்றால் அதற்குப் பதில் பி.ஒய். 150, நிக்கல் ஆஸோ மஞ்சள், எடுப்பதே மேல். அடர்த்தியாகப் பிதுக்கினால் மங்கிய பச்சைப்பழுப்பாகத் தெரிந்து பயமுறுத்தும். தண்ணீர் சேர்த்துப் பரப்பினால் வெயில் பட்ட இலையின் மஞ்சள். முழுக் கண்ணாடித்தன்மை கொண்டதால் அடர்பச்சைகள் ஆழமாக வரும், பால்படலம் இராது. ஆனால் வீரியம் அதிகம், மேலே சொன்ன பச்சை அளவுகளில் மஞ்சளைப் பாதியாகக் குறைத்துத் தொடங்க வேண்டும். மஞ்சள் பூவின் அடர் பகுதியில் இது பழுப்படிக்கும் என்பதுதான் குறை.

கேட்மியம் மஞ்சளை இந்தக் கூட்டில் சேர்க்க வேண்டாம். மூடும் தன்மை கொண்ட நிறமி. மூன்று நிறமும் சேரும் சாம்பலிலும் பழுப்பிலும் சுண்ணாம்பு கலந்தது போல ஆகிவிடும்.

மஞ்சளின் எதிரி அழுக்குத் தண்ணீர். நீலம் துளி பட்டாலும் மஞ்சள் பச்சையாகிவிடும், பிறகு ஆரஞ்சு வராது. கழுவ ஒரு குவளை, அலச ஒரு குவளை, மஞ்சளைத் தொடுவதற்கென்று மட்டும் மூன்றாவது குவளை. முடிந்தால் மஞ்சளுக்குத் தனித் தூரிகை. தட்டில் மஞ்சளையும் நீலத்தையும் பக்கத்தில் பிதுக்காமல் எதிரெதிர் மூலையில் வைக்கவும்.

அடர்த்தி போதவில்லை என்ற புகார்

இது நியாயமான புகார். மூன்றையும் கெட்டியாகச் சேர்த்து வரும் கருமை, அடர்காட்டின் உட்பகுதிக்குப் போதும். ஆனால் காக்கையின் இறகுக்கோ நனைந்த கரும்பாறைக்கோ ஒரு படி குறைவாகவே நிற்கும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலம், மஞ்சள், சிவப்பு என மூன்று தகடுகளில் வண்ண அச்சு செய்த லெ பிளோனும் நான்காவதாகக் கறுப்புத் தகட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டதுண்டு. குறை அவ்வளவு பழையது.

சமாளிக்கும் வழி இது. நீலமும் ரோஸும் 3-க்கு 1 என்ற அளவில் ட்யூப் விழுதாகவே, தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாமல் கலந்து கருஊதா செய்துகொள்ளவும். அதில் மஞ்சளைக் கடுகளவாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஊதாவும் பச்சையும் இல்லாத கருமை பிறக்கும். அங்கே நிறுத்த வேண்டும். தாளில் ஒரே தொடுகையாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இரண்டாம் பூச்சு போட்டு அடர்த்தி ஏற்ற முயன்றால் அல்ட்ராமரைன் கிளம்பி முன்னைவிட வெளிறிவிடும். அதோடு, பக்கத்தில் இருக்கும் இடத்தை வெளிறலாக வைத்தால் இந்தச் சுமாரான கருமையே கறுப்பாகத் தெரியும்.

மாற்றுக் கூட்டுகள்

அல்ட்ராமரைனுக்குப் பதில் தாலோ நீலம், அதாவது பி.பி. 15:3, வைத்தால் கடலும் மீன்கொத்தியும் மயிலும் கைக்கு வரும். அச்சு இயந்திரத்தின் மூன்று மையோடு நெருங்கிய கூட்டு இது, நிறப்பரப்பு நிச்சயம் பெரியது. ஆனால் இந்த நீலம் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். ஊசித்தலை அளவில் தொடங்க வேண்டும். தாளைக் கெட்டியாகப் பிடிக்கும், தூரிகையின் அடிவேரில் தங்கிவிட்டு அடுத்த கலவையில் எட்டிப்பார்க்கும், மணிமணியாகப் படியாது. பச்சைகள் எல்லாம் கூர்மையாக வருவதால் ஒவ்வொன்றையும் ரோஸ் சேர்த்து அடக்கியே தீர வேண்டும். பூ, பறவை, கடல் வரைபவருக்குச் சரி. நிலக்காட்சிக்கு முதல் தேர்வாக இதைச் சொல்ல மாட்டோம்.

மண் நிறக் கூட்டு இன்னொன்று: அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர். நீலமும் பர்ன்ட் சியன்னாவும் ஏறக்குறைய எதிர்நிறங்கள் என்பதால் இரண்டே நிறத்தில் அருமையான சாம்பலும், மேலே சொன்ன கூட்டைவிட உறுதியான கருமையும் கிடைக்கும். பாறை, மலை, வறண்ட நிலம், மரத்தண்டு வரையத் தொடங்குபவருக்கு இதைவிட மன்னிக்கும் கூட்டு இல்லை. எப்படிக் கலந்தாலும் ஒன்றோடொன்று சண்டை போடாது. பூவை மறந்துவிட வேண்டும். ஊதாவும் சிவப்பும் வராது, பச்சை ஆலிவுக்கு மேல் போகாது. யெல்லோ ஓக்கர் சற்று மூடும் தன்மை கொண்டது, அதன் இடத்தில் ரா சியன்னா இன்னும் தெளிவாக இருக்கும். இங்கும் பெயரை நம்ப முடியாது. வின்சர் அண்ட் நியூட்டனின் பர்ன்ட் சியன்னா பி.ஆர். 101, டேனியல் ஸ்மித்தினுடையது பி.பி.ஆர். 7. முன்னது சீராகப் பரவும், பின்னது துகள் துகளாகப் படியும்.

தாளும் தூரிகையும்

மூன்று நிறத்தில் சேமித்ததைத் தாளில் செலவிட வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), 100 சதவீதப் பருத்தி, கோல்ட் பிரஸ் (மிதமான சொரசொரப்புள்ள தாள்). மரக்கூழ்த் தாளில் ஈரம் மேலாகவே நின்று திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். ஈரத்தின் மேல் ஈரமாக மூன்று நிறங்களை ஓடவிட நேரம் கிடைக்காது. இந்த முறையின் அழகே நிறங்கள் தட்டில் கலப்பதைவிடத் தாளில் கலப்பதில் இருப்பதால், தாள் சரியில்லை என்றால் நிறமி எவ்வளவு நல்லதானாலும் பலன் இல்லை. தூரிகைக்கு 10-ஆம் எண் வட்ட முனை ஒன்று, 4-ஆம் எண் வட்ட முனை ஒன்று, கலக்குவதற்கென்று ஒரு பழைய தூரிகை. நல்ல தூரிகையால் விழுதைக் குழைத்தால் நுனி கெட்டுவிடும்.

சேறு என்று எல்லோரும் பயப்படும் கலங்கல் எப்போது வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று நிறமும் சேர்ந்ததால் மட்டும் சேறு வருவதில்லை. அந்த ஆறு கட்டங்களிலும் மூன்றும் இருக்கின்றன, ஒன்றுகூடச் சேறாக இல்லை. பாதி காய்ந்த பூச்சை மறுபடி தூரிகையால் தேய்க்கும்போதுதான் படிந்த துகள்கள் கிளம்பி ஒளிபுகாத படலமாகிறது. தாளின் மினுமினுப்பு போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் அந்த நிலையில் கை வைக்கவே கூடாது. அந்த நேரத்தில் நீர்த்த தூரிகையை வைத்தால் தண்ணீர் துகள்களைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பூக்கோசு விளிம்பு போன்ற தழும்பை உண்டாக்கும். புதரின் வெளிவிளிம்புக்கு அதுவே அழகு, வானத்தில் வந்தால் மீளாது.

வாங்குமுன், வாங்கியபின்

மாணவர் தர ட்யூப்களில் நிறமி குறைவு, நிரப்பி (அளவைக் கூட்டச் சேர்க்கும் மலிவான பொடி) அதிகம். தனி நிறமாகப் பூசும்போது அவ்வளவாகத் தெரியாது. மூன்றைக் கலக்கும்போது ஒவ்வொன்றின் நிரப்பியும் கூடிச் சாம்பல் சுண்ணாம்பாகிவிடும். மூவண்ண முறைக்கு அவை பொருந்தாதது இதனால்தான். பன்னிரண்டு மாணவர் தர ட்யூப் வாங்கும் பணத்தில் மூன்று கலைஞர் தர ட்யூப் வாங்குவது புத்திசாலித்தனம்.

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்துவிடலாம். நீரில் கரையாத கறுப்பு மையால் தாளில் தடித்த கோடு போட்டு, காய்ந்தபின் அதன் குறுக்கே நிறத்தைப் பூசவும். கோட்டின் மேல் நிறம் படலமாகத் தெரிந்தால் மூடும் தன்மை, தெரியாவிட்டால் கண்ணாடித்தன்மை. இரண்டாவது, மூன்று நிறத்தையும் மெல்லிய பூச்சாகப் பட்டைகளாகப் பூசி, தாளை நீளவாக்கில் வெட்டி, ஒரு பாதியை வெயில் படும் ஜன்னலிலும் மறு பாதியை மூடிய புத்தகத்துக்குள்ளும் மூன்று மாதம் வைத்து ஒப்பிடவும். மங்கும் ரோஸ் இதில் தப்பவே முடியாது.

ட்யூபின் மூடியைத் திறந்ததும் அல்ட்ராமரைனிலிருந்து தெளிந்த பிசின் மட்டும் வழிந்தால் பழுது என்று எண்ண வேண்டாம். கனமான துகள் கீழிறங்கிப் பிசின் மேலே பிரிந்திருக்கிறது. ஒரு குச்சியை உள்ளே விட்டுக் கிளறினால் சேர்ந்துவிடும். காலிப் பேனில் (வண்ணத்தை உலர்த்தி வைக்கும் சிறு கிண்ணத்தில்) பிதுக்கி உலர்த்துவதானால் ஒரேயடியாக நிரப்பாமல் மூன்று தவணையாக நிரப்பவும், இல்லையென்றால் நடுவில் வெடித்துக் கழன்று விழும். தேன் கலந்த தயாரிப்புகள் ஈரக்காற்றில் பிசுபிசுவென்றே இருக்கும். அவற்றை வெளியே தூக்கிச் செல்லும் பெட்டியில் வைத்தால் வழிந்து மூன்றும் ஒன்றாகிவிடும். பெட்டியை மூடுமுன் விழுதின் மேற்பரப்பு உலர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளவும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

இயற்கைக் காட்சியில் மஞ்சளும் நீலமும் முதலில் தீரும், ரோஸ் வெகுநாள் வரும். ஆகவே முதல் இரண்டை 15 மில்லியிலும் ரோஸை 5 மில்லியிலும் வாங்கினால் மூன்றும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் காலியாகும்.